விறகுக்குப் போகும் வெட்பாலை

வரப்போரம் தானாக முளைத்து நிற்கும் வெட்பாலையைப் பலர் விறகுக்கு வெட்டிவிடுகிறார்கள். வெட்பாலைத் தைலத்தால் இதன் இலைக்கு ஓரளவு மதிப்பு உண்டு. மரத்துக்கும் மதிப்பு உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

கர்நாடகத்தின் சென்னபட்டணா பொம்மைகளும், ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாக்கா பொம்மைகளும் பாரம்பரியமாக இந்த மரத்தில்தான் கடையப்படுகின்றன. இரண்டுமே புவிசார் குறியீடு பெற்றவை. கன்னடத்தில் இதை 'ஆலெ மர' என்பார்கள். நம் ஆலமரம் வேறு.

ஏன் வெட்பாலை?

இது சிறு மரம். பருத்த அடிமரம் கிடைக்காது. ஆனால், பொம்மைக்கும் செப்புச் சாமானுக்கும் கைப்பருமன் கட்டையே போதும். மரம் வெண்மையாக, தந்தம்போல நெருங்கிய இழையோடு இருக்கும். கடைசல் பிடிக்கும்போது சிம்பு கிளம்பாது. கடைந்த பொருள் சுழலும்போதே வண்ண அரக்குக் குச்சியை அதன்மீது அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகிப் பிடிக்கும். பிறகு தாழை மடலால் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்கள்.

அடையாளம்

கிளையை ஒடித்தால் பால் வரும். கோடையில் மணமுள்ள வெள்ளைப் பூக்கள் பூக்கும். காய்கள் நீளமாக, இரட்டையாக, நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும். குடசப்பாலையின் இரட்டைக் காய்கள் நுனியில் ஒட்டாது.

முதல் சில நாட்கள் முக்கியம்

வெட்பாலைக்கு விலை அதன் வெண்மையில் இருக்கிறது. வெட்டிய கட்டையைப் பட்டையோடு ஈரத் தரையில் போட்டுவைத்தால் பூஞ்சணம் ஏறி, மரம் நீலம் கலந்த சாம்பல் நிறமாகிவிடும். வெளிர் அரக்கின் அடியில் அந்தக் கறை தெரியும் என்பதால் கடைசல்காரர் வாங்க மாட்டார். எனவே:

* இலையுதிர்ந்த வறண்ட பருவத்தில் வெட்டுங்கள்.
* வெட்டியவுடன் பட்டையை உரித்து, தேவையான நீளத்துக்கு அறுத்துவிடுங்கள்.
* வெட்டுமுனைகளில் மெழுகு பூசினால் வெடிப்பு குறையும்.
* தரையில் படாமல், காற்றோட்டமான நிழலில் இடைவெளி விட்டு அடுக்குங்கள்.

மீண்டும் துளிர்க்கும்

வேரோடு தோண்டாதீர்கள். தரையிலிருந்து ஓர் அடி விட்டுச் சாய்வாக வெட்டினால் மறுதுளிர் வரும். அதில் நேரான இரண்டு, மூன்று துளிர்களை மட்டும் விட்டு மற்றவற்றைக் கழியுங்கள். புதிதாக நட விரும்புவோர், காய் பழுப்பாகி வெடிக்கும் முன்பே பறிக்க வேண்டும். வெடித்தால் பஞ்சோடு விதை பறந்துவிடும். புதிய விதையை உடனே நாற்றுப்பைகளில் விதைப்பது நல்லது.

வெட்டும் முன் வனத்துறையிடம் விதிமுறைகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசல்காரருக்கு என்ன பருமன், என்ன நீளம் வேண்டும் என்பதையும் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். வாங்குபவர் உறுதியாகும் வரை மரம் நிலத்திலேயே நிற்கட்டும்.