மருதாணிக்கு இரண்டு நாள் கொடுங்கள்



கரையான்சாவடி கடைத்தெருவில் தீபாவளித் துணி எடுத்தாயிற்றா? அடுத்து தோழிகள் கூடி மருதாணி வைக்கும் வேலைதான். அதைப் பண்டிகைக்கு முந்தின இரவு வரை தள்ளிப்போடாதீர்கள்.

மருதாணி இலையில் லாசோன் என்ற சாயப்பொருள் இருக்கிறது. இலையை அரைக்கும்போது வெளிப்படும் அது, தோலின் கெரட்டின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. எடுத்தவுடன் ஆரஞ்சாகத் தெரியும் நிறம், காற்றுப் பட்டு ஓரிரு நாளில்தான் கருஞ்சிவப்பாகும். உள்ளங்கையில் தோல் தடிமன். அதனால்தான் அங்கே நன்றாகப் பிடிக்கிறது. புறங்கையில் வெளிறித்தான் இருக்கும். நன்றாகச் சிவந்தால் மாமியாருக்குப் பாசம் அதிகம் என்பார்கள்; அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை!

காய்ந்ததை உதிர்த்துவிடுங்கள், உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம். இரண்டு நாள் முன்பே வைத்தால், விடியற்காலை எண்ணெய்க் குளியலுக்குள் நிறம் நிலைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: ‘கறுப்பு மருதாணி’ என்று விற்கும் கோன்களில் தலைச்சாயத்துக்கான பி.பி.டி. ரசாயனம் கலந்திருக்கலாம். அது தோலில் கொப்புளத்தையும் தழும்பையும் உண்டாக்கக்கூடும். அசல் மருதாணி கறுப்பாகச் சாயமேற்றாது, சிவக்கத்தான் செய்யும்.

அம்மியில் அரைத்தாலும் சரி, பார்லரில் வைத்தாலும் சரி, கை சிவக்கட்டும். தீபாவளி வாழ்த்துகள்!