பேசுவான், பேசுவான் என்று காத்திருக்கலாமா?

“ஆண் பிள்ளைக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். இவன் அப்பனும் நாலு வயதில்தான் வாய் திறந்தான்!”

புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்த ஊர்த் திண்ணையிலும் கேட்கக்கூடிய ஆறுதல் மொழி இது. அன்பால் சொல்லும் சொல்தான். ஆனால் தோழர்களே, சில குழந்தைகளுக்கு இந்த ஆறுதலே பகையாகி விடுகிறது!

இரண்டு வயதுக் குழந்தை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. தெருக்கோடியில் ஐஸ் வண்டி மணி கேட்டால் மட்டும் ஓடுகிறது. முகம் பார்த்துச் சிரிப்பதில்லை. வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவதில்லை. தாயின் கையைப் பிடித்து இழுத்துச் செல்கிறது. பொம்மை வண்டியை ஓட்டுவதில்லை; கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தையே சுழற்றுகிறது. கற்ற இரண்டொரு சொல்லும் மறைந்து போகிறது. இவை ஆட்டிசத்தின் அறிகுறிகளாக இருக்கக்கூடும்.

ஆட்டிசம் தொற்றுநோயன்று. முன்வினைப் பயனுமன்று. மூளையின் வளர்ச்சி வேறு வழியில் அமைவது அது. தாயத்து கட்டினால் தீருமா? மந்திரித்தால் மாறுமா? மாறாது!

தாயைப் பழிப்பதும் தகாது. 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் இதை விளக்கி எழுதினார். அதன்பின் படித்த மேதைகளே, “அன்பில்லாத தாயால் வருவது” என்று பல ஆண்டுகள் பழி சுமத்தினர். அது பொய் என்று பின்னர் ஆராய்ச்சி காட்டியது. தடுப்பூசியால் வருகிறது என்று 1998இல் ஒரு கட்டுரை கிளப்பிய புரளியும் நிற்கவில்லை. அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010இல் கட்டுரையைத் திரும்பப் பெற்றது.

அப்படியானால் செய்யக்கூடியது என்ன? காலத்தே கண்டறிவது, காலத்தே பயிற்றுவது. மூளை விரைந்து வளரும் முதல் சில ஆண்டுகளே விதைக்கும் பருவம். பருவம் தவறி விதைத்தவன் படும் பாட்டை உழவனுக்கு நாம் சொல்ல வேண்டுமா? ஓராண்டில் மழலையோ சைகையோ இல்லையா? 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லையா? இரண்டு வயதில் இரு சொல் சேர்த்துப் பேசவில்லையா? உடனே காட்டுங்கள். பேச்சுத் தாமதமெல்லாம் ஆட்டிசம் ஆகிவிடாது. காது கேளாமையாகவும் இருக்கலாம். எதுவென்று சொல்ல வேண்டியது பரிசோதனை, பக்கத்து வீட்டார் அல்ல!

பயிற்சி என்றால் ஊசியோ மாத்திரையோ அல்ல. குழந்தையோடு தரையில் அமர்ந்து, அது பார்ப்பதை நாமும் பார்த்து, அதன் பெயரைச் சொல்லி, பதிலுக்குப் பொறுமையோடு காத்திருப்பது. விளையாட்டின் வழியே உறவை வளர்ப்பது. இதற்குப் பெரிய பட்டம் வேண்டுமா? கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குடும்பங்களிடையே ஓர் ஆய்வு நடந்தது. நிபுணரல்லாத ஊழியர்கள் பெற்றோருக்கு இக்கலையைக் கற்பித்தார்கள். குழந்தைகள் தாமாகவே முன்வந்து பெற்றோரோடு தொடர்பு கொள்வது கூடிற்று. 2016இல் மருத்துவ இதழில் வெளிவந்த முடிவு இது.

சட்டம் இல்லாமலில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்ற 21 வகை ஊனங்களில் ஆட்டிசமும் ஒன்று. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டப்படி மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளைச் சோதிக்க வேண்டும். மாவட்டத்துக்கு ஓர் ஆரம்ப நிலை இடையீட்டு மையம் வேண்டும். நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு வழியுண்டு.

ஆனால், மணமேல்குடிக் கடற்கரையில் வலை இழுப்பவனும் கறம்பக்குடியில் கூலி வேலை செய்பவளும் மாவட்டத் தலைநகருக்கு எத்தனை முறை வர முடியும்? பயிற்சி ஒருநாள் வேலையன்று. மாதக்கணக்கில் தொடர வேண்டியது. வாரம் ஒருநாள் கூலி போனால் மாதம் நான்கு நாள் அடுப்பு எரிவது எப்படி? மூன்றாம் வாரமே பயணம் நின்றுபோகிறது. பெற்றோர் அக்கறையற்றவர் என்று ஏட்டில் எழுதிவிடுவது எளிது. நின்றது அன்பா? இல்லை, பஸ் கட்டணமும் கூலியும் அன்றோ!

ஆகவே நாம் கேட்பது இதுதான்: பிள்ளை பயிற்சியைத் தேடி அலைய வேண்டாம், பயிற்சி பிள்ளையின் ஊருக்கு வரட்டும். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981இல் தோன்றிய அமர் சேவா சங்கம், சிற்றூர்க் குழந்தைகளின் வீட்டுக்கே பயிற்சி ஊழியரை அனுப்பிக் காட்டியிருக்கிறது. ஒரு சங்கத்தால் முடிந்தது அரசால் முடியாதா? அங்கன்வாடி ஊழியருக்கு இப்பயிற்சி கொடுங்கள். கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊதியமும் கொடுங்கள்!

இந்த மண்ணுக்கு இது புதிதன்று. 1991இல் அறிவொளி இயக்கம் எழுந்தபோது, எழுத்து நகரத்தில் காத்திருக்கவில்லை. தொண்டர்களோடு ஊர் ஊராக வந்தது. கல்லுடைக்கும் பெண்கள் எழுதப் படிக்கக் கற்றார்கள், சைக்கிளும் ஓட்டினார்கள்!

தோழர்களே! உங்கள் தெருவில் இரண்டு வயதாகியும் பேசாத பிள்ளை இருக்கிறதா? கிராம சுகாதாரச் செவிலியரிடம் அழைத்துச் செல்லத் துணை நில்லுங்கள். மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வந்ததா என்று கேளுங்கள். வராவிட்டால் கிராம சபையில் எழுந்து பேசுங்கள். “பைத்தியம்” என்று எவரேனும் கேலி செய்தால் தடுத்து நிறுத்துங்கள். பிள்ளையோடு தரையில் அமர்வது தாயின் வேலை மட்டுமன்று, தகப்பன்மாரே, உங்கள் வேலையுமாகும்!

பேசத் தெரியாத பிள்ளைக்காக, பேசத் தெரிந்த நாம் பேசுவோம்.