குடியானவர்களும் வலை உலாவியும்

(புதுச்சேரி விவசாய டிமான்ஸ்டிரேட்டர் ஒருவர் எழுதியது)

பாகூர் பக்கத்துக் கிராமங்களில், விடியற்காலையில் பால் ஊற்றிவிட்டுத் தேநீர்க் கடையில் கூடும் குடியானவர்கள், ஏரியின் நீர்மட்டத்தையும் நெல்லின் விலையையும் பற்றிப் பேசுவது நெடுநாளைய வழக்கம். இப்பொழுது அவற்றோடு வேறொரு விஷயமும் சேர்ந்துகொண்டது. கைபேசியில் எந்த உலாவி சிறந்தது, குரோமா பயர்பாக்ஸா, எந்தச் செயலி விரைவாகத் திறக்கிறது என்று பிள்ளைகள் வாதிக்கிறார்கள். பெரியவர்களும் காது கொடுத்துக் கேட்கிறார்கள். "ஐயா, நீங்களே சொல்லுங்கள், எதை வைத்துக்கொள்வது?" என்று என்னையும் மத்தியஸ்தத்திற்கு அழைப்பதுண்டு. அக்கேள்விக்கு விடையாகவே இதனை எழுதலானேன். எந்த உலாவி என்பது சிறிய விஷயம். அது காட்டுவதை எவ்வாறு நம்புவது என்பதே பெரிய விஷயம் என்பது என் அனுபவத்தில் கண்ட முடிவு.

உலாவி என்பது யாது?

உலகத்தின் பல இடங்களிலுள்ள கணினிகளில் எழுதி வைக்கப்பட்ட பக்கங்களை, நாம் கேட்டவுடன் கொண்டுவந்து நம் கண்முன் விரித்துக் காட்டும் கருவியே உலாவியாகும். ஜெனீவா நகருக்கருகில், சுவிட்சர்லாந்து, பிரான்சு தேசங்களின் எல்லையிலுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் 1989-இல் இவ்வமைப்பிற்குரிய யோசனையை வெளியிட்டு, 1990-இல் முதல் உலாவியையும் செய்து முடித்தார். படங்களையும் எழுத்தையும் ஒரே பக்கத்தில் காட்டிய மொசாய்க் என்னும் உலாவி 1993-இல் பரவிற்று. நமது நாட்டில் பொதுமக்களுக்கு இணைய வசதி திறந்துவிடப்பட்டது 1995 ஆகஸ்டு 15-ஆம் தேதி. அதே ஆண்டில் வெளிவந்து, ஒரு காலத்தில் கணினிகளில் பெரும்பாலும் காணப்பட்ட இன்டர்நெட் எக்ஸ்புளோரர், 2022 ஜூன் மாதத்தில் நிறுத்தப்பட்டது. பயர்பாக்ஸ் 2004-இலும் குரோம் 2008-இலும் தோன்றின.

இவற்றுள் எதை வைத்துக்கொண்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அவ்வப்போது வரும் திருத்தங்களை ஏற்றுப் புதுப்பித்து வந்தால் போதும். புதுப்பிக்காத உலாவி திருடருக்குத் திறந்த வாசலாகும். வண்டிக்காரன் நல்லவனாயிருப்பதால் மட்டும் அவன் ஏற்றிவந்த விதைநெல் நன்றாக முளைத்துவிடாது. அதுபோல, உலாவி செவ்வையாயிருப்பதால் அது கொண்டுவந்த செய்தி செவ்வையாகிவிடாது. விதையைச் சோதிப்பது போலவே செய்தியையும் சோதித்தல் வேண்டும்.

நமது ஊர்களில் நடந்த முன்மாதிரி

இவ்விஷயத்தில் நாம் வெளியூர் சென்று பாடம் கற்க வேண்டியதில்லை. 1998-ஆம் ஆண்டில் சென்னை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார், நமது புதுச்சேரிக் கிராமங்களில் செய்தி நிலையங்களை ஏற்படுத்தினர். வில்லியனூர் தலைமை நிலையமாயிருந்தது. தொலைபேசிக் கம்பியை நம்ப முடியாத காலமாகையால் வானொலிக் கருவிகளின் வழியாகவே கிராமங்களுக்குச் செய்தி அனுப்பப்பட்டது. மின்சாரம் தடைப்படும் வேளைக்குச் சூரிய ஒளித் தகடுகள் வைக்கப்பட்டன. நிலையத்துக்கு இடத்தை ஊராரே தருதல் வேண்டும், சாதி பேதமின்றி யாவரும் உள்ளே வரலாம் என்பன நிபந்தனைகள். ஏம்பலத்தில் கோயிற் கட்டிடத்திலேயே நிலையம் அமைந்தது. செய்திகளைத் தொகுத்தவர்களில் பலர் அவ்வக் கிராமத்துப் பெண்களே. "நம்ம ஊரு செய்தி" என்னும் பத்திரிகையும் வெளிவந்தது.

வீராம்பட்டினத்து மீனவர்க்கு என்ன வேண்டும்? கடலில் அலை எவ்வளவு உயரம் எழும் என்பதே. அமெரிக்கக் கடற்படையின் வலைப்பக்கத்தில் வெளியான அலைக் கணிப்பை வில்லியனூரில் இருந்தவர்கள் எடுத்துத் தமிழாக்கி அனுப்ப, வீராம்பட்டினத்தில் அது ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டது. கடலுக்குச் செல்வோர் அதைக் கேட்டே புறப்பட்டனர். அவர்களில் எவரும் உலாவியைக் கையால் தொட்டதில்லை; ஆயினும் அதன் பயனை முழுமையாக அடைந்தனர்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்த காலையில், சிங்கப்பூரிலிருந்த ஒருவர் அபாயத்தை அறிந்து நல்லவாடு கிராமத்துக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். அவ்வூர்ச் செய்தி நிலையத்தின் ஒலிபெருக்கி உடனே முழங்கிற்று. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் கரையை விட்டு அகன்று உயிர் பிழைத்தனர். கருவி சிறியதே. அதைக் கேட்டவர், சொன்னவர், நம்பியவர் ஆகிய மூவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்ததே அன்று உயிர்களைக் காத்தது.

இப்பொழுது அந்த நிலையத்தின் வேலை முழுவதும் நம் ஒவ்வொருவர் சட்டைப்பைக்குள்ளும் வந்துவிட்டது. ஆனால் செய்தியை எடுத்து, சரிபார்த்து, நமது ஊருக்குப் பொருந்துமா என்று யோசித்துச் சொன்ன அந்தப் பெண்மணி கைபேசிக்குள் இல்லை. அவ்வேலையை நாமே செய்துகொள்ள வேண்டியவர்களாயிருக்கிறோம். செய்யாவிடில் என்ன நேரும் என்பதற்கு என்னையே சாட்சியாகக் கூறுகிறேன்.

நான் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. சம்பா நடவு செய்து மூன்று வாரமான இரண்டு ஏக்கர் வயலில் தூர் கட்டும் பருவத்து மேலுரம் இடுவதற்கு நிலக்காரர் தயாராயிருந்தார். ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்தை நான்கு பங்காக்கினால், ஒரு தவணைக்கு ஏக்கருக்குச் சுமார் 33 கிலோ யூரியா ஆகும். ஆகவே இரண்டு ஏக்கருக்கு ஒன்றரை மூட்டை வரப்பில் இருந்தது. நிலக்காரர் வானத்தைப் பார்த்து, "ஐயா, ஈசானிய மூலை கறுத்திருக்கிறது. இரண்டு நாள் பொறுத்துப் போடலாமா?" என்றார். நான் கைபேசியைத் திறந்தேன். மழை இல்லையென்று பக்கம் காட்டிற்று. "பெரியவரே, கணிப்பே சொல்லுகிறது, போடுங்கள்" என்றேன்.

உச்சி வேளைக்குப் பின் பிடித்த மழை இரவு வரையில் விடவில்லை. வரப்பு வழிந்து நீர் ஓடிற்று. யூரியாவும் அதனுடன் ஓடிற்று. அன்று இரவு அப்பக்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்தபோது, அதன் மேற்புறத்தில் சனிக்கிழமைத் தேதி இருந்தது. மூன்று நாட்களுக்கு முன் நான் திறந்து வைத்த பக்கமே மூடப்படாமல் அப்படியே நின்றிருந்தது. உலாவி பொய் சொல்லவில்லை. பழைய ஓலையை நான்தான் புதிதென்று வாசித்தேன்.

மறுநாள் சென்று நடந்ததைச் சொல்லி, உரத்தின் விலையைக் கொடுக்க முயன்றேன். அவர் வாங்கவில்லை. "இனி அதைப் பார்க்கும்போது வானத்தையும் ஒரு தடவை பாருங்கள், ஐயா" என்று மட்டும் சொன்னார். மேற்படி வயலில் அவ்வாண்டு பயிர் வெளிறித் தூர் குறைந்தது. மேலும் ஒரு முறை உரமிட வேண்டியதாயிற்று. அவருக்குச் செலவு, எனக்குப் பாடம்.

கவனிக்க வேண்டிய நான்கு

முதலாவது, நாள். எப்பக்கத்தைத் திறந்தாலும் வளைந்த அம்புக்குறியைத் தொட்டுப் புதுப்பித்துக்கொண்டு, அதில் எழுதியுள்ள தேதியைப் பார்க்கவும். வானிலைக்கு மட்டுமன்று, மருந்துக்கும் இது பொருந்தும். எண்டோசல்பான் என்னும் பூச்சிமருந்தை உச்சநீதிமன்றம் 2011 மே மாதத்தில் நாடு முழுவதும் தடுத்தது. அதற்கு முன் எழுதப்பட்ட பக்கம் ஒன்று உங்கள் கைக்கு வருமாயின், அது தடைசெய்யப்பட்ட மருந்தையே சிபாரிசு செய்யக்கூடும்.

இரண்டாவது, இடம். நமது ஆட்சிப்பரப்பு நான்கு துண்டாக உள்ளது. புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் வடகிழக்குப் பருவமழையே முக்கியம். கேரளக் கரையிலுள்ள மாகேயில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். ஏனாம் கோதாவரிக் கழிமுகத்தில் உள்ளது. ஆகவே கணிப்பு எவ்வூருக்கு என்று பார்க்கவும். அவ்வாறே, வேறு மாநிலத்துச் செம்மண்ணில் ஒருவர் காட்டும் காணொளியைக் கண்டு பாகூர்க் களிமண்ணில் அப்படியே செய்யலாகாது.

மூன்றாவது, சொல்பவர். விதையோ மருந்தோ விற்பவர் தம் சரக்கைப் புகழ்வது இயல்பு. வானிலைக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பக்கத்தையும், சாகுபடிக்கு வேளாண் பல்கலைக்கழகத்தின் பக்கத்தையும் பார்ப்பது நலம். மருந்தின் அளவைப் புட்டியின் சீட்டோடு ஒத்துப் பார்க்காமல் தெளிக்க வேண்டாம்.

நான்காவது, கேட்பவர். 2019 முதல் மத்திய அரசு குடியானவர்க்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாக வழங்கி வருவதைக் காட்டி, "தவணை வந்துள்ளது, இதைத் தொடவும்" என்று மோசக்காரர் செய்தி அனுப்புகின்றனர். அதனைத் தொட்டு எந்தச் செயலியையும் இறக்கிக்கொள்ள வேண்டாம். அரசாங்கத்தின் வலை முகவரி "ஜிஓவி.இன்" என்று முடிவது வழக்கம். முகவரியின் அருகே பூட்டுக்குறி இருப்பது, செய்தி வழியில் களவு போகாது என்பதற்கு அறிகுறியேயன்றி, மறுமுனையில் இருப்பவர் யோக்கியர் என்பதற்கு அத்தாட்சியன்று. பணம் பறிபோயின் தாமதமின்றி 1930 என்னும் எண்ணை அழைக்கவும்.

ஐயம் தோன்றினால் 1800-180-1551 என்னும் எண்ணில் உழவர் அழைப்பு மையத்தாரைக் கட்டணமின்றிக் கேட்கலாம். தமிழிலேயே விடை கிடைக்கும். உங்கள் ஊர் உழவர் உதவியகமும், குரும்பாபேட் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கவே இருக்கின்றன.

தேநீர்க் கடையில் கூடும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுள் படித்த பிள்ளை ஒருவர் தினந்தோறும் காலையில் கணிப்பைப் புதுப்பித்து, தேதியையும் ஊரையும் சேர்த்து உரக்க வாசிக்கட்டும்; வயதில் மூத்தவர் ஒருவர் ஈசானிய மூலையைப் பார்த்துத் தம் அபிப்பிராயத்தைச் சொல்லட்டும். இரண்டும் ஒத்திருந்தால் உர மூட்டையைப் பிரிக்கலாம். ஒவ்வாவிடில் ஒரு நாள் பொறுப்பதால் பயிருக்குக் கேடில்லை.