வண்ணம் வார்க்கும் கலை: கித்தாப் பால் கற்பிக்கும் பாடம்

கோலா கங்சார் நகரில் மாவட்ட நில அலுவலகத்தின் அருகே முதிய கித்தா மரமொன்று காக்கப்பட்டு வருகிறது. பிரேசில் நாட்டு விதைகளினின்று இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகளுள் 22 கன்றுகள் 1877-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவ்வாண்டிலேயே ஒன்பது கன்றுகள் கோலா கங்சாரில், பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பெற்றன. அவற்றுள் எஞ்சி நிற்பது இம்மரமே என்பர்.

பின்னர்ப் பேராக்கெங்கும் பரந்த தோட்டங்களில் தமிழர் பல தலைமுறை பால் வெட்டினர். வெட்டிய பால் எப்போது நீராக ஓடும், எப்போது திரியும், அதைத் திரியாமல் காப்பது எவ்வாறு, திரிய வைப்பது எவ்வாறு என்பனவெல்லாம் அவர்கள் கையறிவாகப் பெற்றிருந்த செய்திகள். இக்காலத்து ஓவிய வகுப்புகளில் பெரிதும் விரும்பப்படும் ஒரு கலைக்கு அவ்வறிவே திறவுகோலாக அமைகிறது. அதுவே அக்ரிலிக் வண்ணங்களைத் தூரிகையின்றிப் பலகையின்மேல் ஊற்றி, சாய்த்து ஓடவிட்டு ஓவியமாக்கும் கலை. தோசை வார்த்தல் என்னும் வழக்கை ஒட்டி, இதனை வண்ணம் வார்த்தல் எனலாம்.

பால்மம் என்பது யாது?

ஒரு நீர்மத்தில் மற்றொரு பொருளின் நுண்துளிகள் கரையாமலும் படியாமலும் மிதந்து நிற்பின், அக்கலவையைப் பால்மம் என்கிறோம். பசுவின் பால் ஒரு பால்மம். கித்தாப் பாலும் அவ்வினத்ததே. கித்தாப் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கித்தா. எஞ்சியதில் பெரும்பகுதி நீர். அதன் துகள்களுள் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் சிறியவை. ஒவ்வொரு துகளையும் புரதம் முதலிய பொருள்களாலான மெல்லிய போர்வை மூடியுள்ளது. அப்போர்வையில் எதிர் மின்னேற்றம் இருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளி விலகியே நிற்கின்றன.

புளிப்பு ஏறினால் அம்மின்னேற்றம் குன்றும், துகள்கள் ஒட்டும், பால் திரியும். அழுக்கு மங்கில் விழுந்த பால் விரைவில் கட்டியாவது, நுண்ணுயிர்கள் அங்கே புளிப்பை உண்டாக்குவதால்தான். திரிவதைத் தள்ளிப்போட அம்மோனியாவும், திரிய வைக்கப் பார்மிக் அமிலமும் சேர்ப்பது தோட்டத்து முறை.

அக்ரிலிக் வண்ணமும் ஒரு பால்மமே. மரத்தில் ஊறாமல் தொழிற்சாலையில் ஆக்கப்படுவது ஒன்றே பிறப்பில் வேற்றுமை. அக்ரிலிக் பொருள்களைப் பற்றி ஜெர்மானிய வேதியியலார் ஓட்டோ ரோம் 1901-இல் ஆய்வேடு எழுதினார். அவர் பெயர் தாங்கிய அமெரிக்க நிறுவனம் வீட்டுச் சுவர் வண்ணத்துக்குரிய அக்ரிலிக் பால்மத்தை 1953-இல் வெளியிட்டது. சில ஆண்டுகளிலேயே அது ஓவியர் கைக்கும் வந்தது. அதன் துகள்களும் மின்னேற்றத்தாலும் சோப்பு போன்ற பொருள்களாலும் விலகி நிற்கின்றன. அதிலும் அம்மோனியா போன்ற காரப்பொருள் சிறிதளவு சேர்க்கப்படுகிறது. ஆகவே அக்ரிலிக் வண்ணத்தில் புளிப்புப் பொருள் எதுவும் சேரலாகாது.

நீர் செய்யும் தீங்கு

பால் இறுகுவதும் வண்ணம் இறுகுவதும் ஒரே வழியில் நடப்பன அல்ல. வண்ணம் இறுகுவது அமிலத்தாலன்று; நீர் ஆவியாகி வெளியேறுவதால். நீர் போகப்போக அக்ரிலிக் துகள்கள் நெருங்குகின்றன, முட்டுகின்றன, நசுங்கி ஒன்றாகி ஒரே படலமாகின்றன. நிறமித் தூளைப் பலகையோடு பிணைத்து வைப்பது இப்படலமே. ஒருமுறை உலர்ந்தபின் அது நீரில் மீண்டும் கரைவதில்லை.

இதிலிருந்து தெளிவாகும் விதி ஒன்றுண்டு. வண்ணம் எளிதாக ஓடவேண்டும் என்று கருதித் தண்ணீரை மிகுதியாக ஊற்றினால், துகள்கள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் நிற்கும். உலரும்போது படலம் தொடர்ச்சியாக அமையாது; நிறம் சுண்ணாம்புபோல் வெளிறும்; விரலில் ஒட்டும்; வெடிக்கும்; உதிரும். தோட்டத்துப் பால் ஸ்டோரில் பாலை எடை போட்டதோடு நில்லாது, மெட்ரோலாக் என்னும் கருவியை மிதக்கவிட்டு அதன் செறிவையும் அளந்தனர். தண்ணீர் எடையைக் கூட்டும், கித்தாவைக் கூட்டாது. வண்ணக் கிண்ணத்திலும் நிலை இதுவே: தண்ணீர் அளவைக் கூட்டும், பிணைப்பைக் கூட்டாது.

ஆகையால் வண்ணத்தை இளக்கத் தண்ணீரைவிட ஏற்றது நிறமற்ற அக்ரிலிக் பால்மம். கடைகளில் இது வார்ப்பு ஊடகம் என்ற வகையில் கிடைக்கும். பள்ளிகளில் வெள்ளைப் பசையை இளக்கிப் பயன்படுத்துவதும் உண்டு. பயிற்சிக்கு அது போதும். ஆயினும் ஈரத்தைத் தாங்குவதில் அக்ரிலிக்குக்கு அது ஈடாகாது.

அளவும் பதமும்

எவ்வளவு வண்ணம் வேண்டும் என்பதை முதலிலேயே கணக்கிடலாம். 40 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள பலகையின் பரப்பு 1,200 சதுர செ.மீ. ஈரப்படலம் 1.5 மி.மீ. கனம் இருக்கவேண்டுமாயின் 180 மில்லி லிட்டர் தேவை. ஓரங்களில் வழிவதற்கு மூன்றில் ஒரு பங்கு சேர்த்தால் 240 மில்லி லிட்டர். நான்கு நிறங்களாயின் நிறத்துக்கு 60.

குழாயில் வரும் கெட்டி வண்ணமாயின் ஒரு பங்கு வண்ணத்துக்கு இரு பங்கு ஊடகம் என்பது நல்ல தொடக்கம். அஃதாவது 20-க்கு 40. அதன்பின் தேவையானால் மட்டும் துளித்துளியாகத் தண்ணீர் விடவேண்டும். குச்சியைத் தூக்கினால் வண்ணம் அறுபடாமல் இழையாக இறங்கவேண்டும். விழுந்த தடம் ஓரிரு நொடியில் மறையவேண்டும். இளஞ்சூட்டில் இளகிய தேனின் பதம் அது. எல்லா நிறங்களும் ஒரே பதத்தில் இருத்தல் இன்றியமையாதது. குமிழி எழாதபடி மெல்லக் கலக்கி, மெல்லிய துணியில் வடித்து, சற்றுநேரம் அப்படியே வைத்துப் பின் வார்ப்பது நலம்.

நிறங்கள் ஏன் உடனே கலந்துவிடுவதில்லை? தேன்பதமுள்ள நீர்மம் சுழித்துப் புரளாது, அடுக்கடுக்காகவே நகரும். பலமுறை சாய்த்தால் அவ்வடுக்குகளும் குலைந்து போகும். நீலமும் ஆரஞ்சும் அருகருகே இருப்பின் மங்கிய சாம்பல் பழுப்பே மிஞ்சும். அவற்றின் இடையே வெள்ளையை வைப்பது இதற்காகவே.

கண்ணறைகள் தோன்றுவது எங்ஙனம்?

வார்த்த வண்ணத்தில் தேன்கூடு போன்ற கண்ணறைகள் தோன்றுவதுண்டு. மெக்சிகோ ஓவியர் சிக்கெய்ரோஸ் 1936-இல் நியூயார்க்கில் நடத்திய பட்டறையில், ஒரு நிறத்தின்மேல் மற்றொன்றை ஊற்றி இத்தகைய உருக்களைப் பெற்றார். மெக்சிகோ ஆய்வாளர்கள் இதன் காரணத்தை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டனர். அடர்த்தி மிகுந்த வண்ணம் மேலே இருந்தால் அது கீழே அமிழ முயலும்; அடர்த்தி குறைந்தது இடுக்குகளில் மேலெழும். இப்போராட்டத்தின் தடமே கண்ணறை. டைட்டானியம் வெள்ளையின் தூள், நீரைப்போல் நான்கு மடங்குக்குமேல் அடர்த்தியுடையது. கரியின் தூள் அதிற் பாதிக்கும் குறைவு. எனவே கருமையின்மேல் வெள்ளையை வார்த்தால் கண்ணறைகள் எழ வாய்ப்பு மிகுதி. சிலிக்கோன் எண்ணெய் இரண்டொரு துளி விடுவதும் ஒரு முறை. ஆனால் ஓவியம் உலர்ந்தபின் அவ்வெண்ணெயைச் சோப்பு நீரால் துடைக்காவிடில் மேற்பூச்சு ஒட்டாது.

உலர்த்தலும் காத்தலும்

பேராக்கின் ஈரக் காற்றில் வண்ணம் மெதுவாக உலரும். அதற்காக மின்விசிறியை முடுக்கலாகாது. மேற்புறம் முந்தி இறுக, அடிப்புறம் பின்னர்ச் சுருங்க, வெடிப்பு உண்டாகும். சமதளத்தில், தூசு படாமல், ஓரிரு நாள் விட்டுவைப்பதே நன்று. எஞ்சிய வண்ணத்தைக் கால்வாயில் கொட்டினால் அது ஆற்றைச் சேரும். தட்டில் உலரவிட்டு, ஒட்டுப்பாலை உரிப்பதுபோல் உரித்தெடுத்துக் குப்பையில் இடவேண்டும்.

அங்ஙனமாயின் கித்தாப் பாலிலேயே நிறம் கலந்து தீட்டலாகாதா எனின், கித்தாவின் மூலக்கூறுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. காற்றும் ஒளியும் அவற்றைத் தாக்க, அது பழுப்பேறி நைந்துபோகும். அக்ரிலிக் சங்கிலியில் அவை இல்லை. ஆதலின் அது நெடுநாள் நிற்கும்.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பல செம்பனைக்கு மாறின. மங்கு, ஒட்டுப்பால் என்னும் சொற்களைப் பாட்டன் பாட்டியரிடம் மட்டுமே கேட்ட பிள்ளைகள் இன்று வகுப்பில் அமர்ந்துள்ளனர். பால்மம் என்னும் கலைச்சொல்லை வரையறையாக ஒப்பிக்கச் செய்வதினும், பால் திரிந்தது ஏன் என்று வீட்டில் கேட்டுவரச் செய்து, மறுநாள் வண்ணக் கிண்ணத்தை அவர்கள் முன் வைப்பது பயன் மிக்கது. படிப்பறியாதவர் என்று ஒதுக்கப்பட்டோர் நாள்தோறும் கையாண்டது வேதியியலே என்பது அப்போது பிள்ளைகளுக்குத் தானே விளங்கும்.