அரிப்பு அடங்கினால் நோய் போய்விட்டதா?

கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண், இடுப்பு வார் உரசும் இடத்தில் படர்தாமரை. தோட்டத்தில் வேலை பார்ப்பவர்கள் இவற்றை நோய்க்கணக்கில் சேர்ப்பதே இல்லை. மலேசியாவின் பீடோங், பாடாங் செராய், கூலிம் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் காலைப் பனியிலேயே சப்பாத்து நனைந்துவிடும். வேலை முடியும்வரை கால் அந்த ஈரத்தில்தான். அரிப்பு தாங்காமல் பசார் மாலாம் இரவுச் சந்தையில் பெயர் தெரியாத ஒரு களிம்பை வாங்கிப் பூசினால் சில நாளில் சிவப்பு மங்கும், அரிப்பு அடங்கும். ‘கைகண்ட மருந்து’ என்று பக்கத்து வீட்டுக்கும் டப்பா போகும். அரிப்புக்குக் காரணமான பூஞ்சை மட்டும் எங்கும் போயிருக்காது.

பூஞ்சையின் மேற்சுவரில் பீட்டா குளுக்கன் என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. மனித உயிரணுக்களில் அது கிடையாது. தோலுக்கடியில் நிற்கும் பெருவிழுங்கி அணுக்களின் மேற்பரப்பில் உள்ள டெக்டின்-1 என்ற ஏற்பி அந்தச் சங்கிலியைத் தொட்டதும் ‘இது நம்முடையது அல்ல’ என்று கண்டுகொள்கிறது. உடனே ரசாயனச் செய்தி பறக்கிறது. இரத்தக் குழாய் விரிகிறது. நியூட்ரோஃபில் எனப்படும் வெள்ளை அணுக்கள் குழாய்ச் சுவரைத் துளைத்து வெளியே வருகின்றன. நாம் காணும் சிவப்பு, வீக்கம், சூடு எல்லாம் இந்த வேலையின் அடையாளம்.

எலும்பு மஜ்ஜை ஒரு நாளில் ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உருவாக்குகிறது. சிறிய பூஞ்சை வித்து என்றால் இவை அப்படியே விழுங்கி, உள்ளே நச்சு ஆக்சிஜனைப் பாய்ச்சிக் கொல்லும். நீண்ட இழையாக வளர்ந்த பூஞ்சையை விழுங்க முடியாது. அப்போது சில நியூட்ரோஃபில்கள் தம் சொந்த டி.என்.ஏ.வையே வலையாக வெளியே வீசி அதைச் சிக்க வைக்கின்றன. இந்த வலை 2004இல்தான் அறிவியல் உலகுக்குத் தெரியவந்தது. ஆனால் அணு பூஞ்சையை விழுங்குவதை 1884இலேயே விஞ்ஞானி மெட்ச்னிகோஃப் தண்ணீர்ப் பூச்சி ஒன்றின் கண்ணாடி போன்ற உடலுக்குள் பார்த்து எழுதிவிட்டார். 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சரி, களிம்பு என்ன செய்தது? பல கலவைக் களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கிறது. அது பூஞ்சையைத் தொடாது. வெள்ளை அணுக்களின் செய்தியைத்தான் அடக்கும். செய்தி நின்றால் சிவப்பும் நிற்கும், அரிப்பும் நிற்கும். எதிர்ப்பே இல்லாத தோலில் படர்தாமரை விளிம்பு மங்கிப் பரந்து வளரும். பிறகு மருத்துவரே பார்த்தாலும் சட்டென்று அடையாளம் தெரியாத உருவத்துக்கு மாறிவிடும்.

இதைவிட ஆபத்து, மூட்டுவலிக்கென்று விற்கும் ஜாமுவிலும் ‘பாரம்பரிய’ மாத்திரைகளிலும் திருட்டுத்தனமாகக் கலக்கும் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டுகள். மலேசிய சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரித்த கலப்படம் இது. இதைத் தின்பவரின் இரத்தத்தைச் சோதித்தால் வெள்ளை அணு எண்ணிக்கை கூடுதலாகவே தெரியலாம். அணுக்கள் குழாயை விட்டு இறங்கிக் காயத்துக்குப் போக முடியாமல் இரத்தத்திலேயே சுற்றுவதும் அதற்கு ஒரு காரணம். எண்ணிக்கையைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடக்கூடாது. முகம் உப்பி, வயிறு பெருத்து, தோல் மெலிந்தால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது; உடம்பு தானே சுரக்க வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும், இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். பொட்டலத்தோடு கிளினிக்குக்குப் போங்கள்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கல் இரட்டிப்பு. சர்க்கரை ஏறினால் நியூட்ரோஃபில் மெதுவாக நகரும், சரியாக விழுங்காது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்றது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களே முன்னணியில், பெருமைப்பட ஒன்றுமில்லை. கால் விரல் இடுக்கில் பூஞ்சை ஏற்படுத்தும் வெடிப்பு வழியே பாக்டீரியா புகுந்து காலையே இழக்க வைக்கும்.

பூனை வளர்ப்பவர்களுக்கும் ஒரு சொல். ஸ்போரோட்ரிக்ஸ் என்ற பூஞ்சை மலேசியாவில் பெரும்பாலும் நோயுற்ற பூனையின் கீறல், கடி வழியாகவே மனிதருக்கு வருகிறது. ஆறாத சிறு புண், அதிலிருந்து கை வழியே வரிசையாக மேலேறும் கட்டிகள்: இப்படி இருந்தால் ‘பூனை கீறியது’ என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இதற்கு மாதக் கணக்கில் மாத்திரை தேவைப்படும்.

இனி உரிமைகள். பதிவு பெற்ற மருந்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண்ணும் மின்னும் பாதுகாப்பு ஒட்டுவில்லையும் இருக்க வேண்டும். பாரம்பரிய மருந்தின் எண் ‘டி’ (T) எழுத்தில் முடியும். எண்ணையும் போலியாக அச்சடிக்கிறார்கள் என்பதால், மருந்துகளைப் பதிவு செய்யும் என்.பி.ஆர்.ஏ. அமைப்பின் இணையப் பக்கத்தில் பிள்ளைகளைக் கொண்டு தேடிப் பாருங்கள். அங்கே அது இல்லாவிட்டால் மருந்தக அமலாக்கப் பிரிவில் புகார் செய்யலாம். அதற்குப் பொட்டலமே சாட்சி, எறிந்துவிடாதீர்கள். தனியார் கிளினிக்கில் பெயர் எழுதாத மாத்திரை தந்தால் பெயரைக் கேளுங்கள். 2025 மே 1 முதல் மருந்து விலையைக் காட்சிக்கு வைப்பதும் கட்டாயம். குடிமக்களுக்கு அரசு சுகாதார கிளினிக்கில் கட்டணம் 1 வெள்ளிதான். தோலைச் சுரண்டிச் சோதித்துப் பார்க்கும்படி அங்கே கேட்கலாம்.

‘எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்தால் நாள் சம்பளம் போகும்’ என்பதே பலரைக் களிம்புக் கடைக்கு அனுப்புகிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சம்பளத்தோடு நோய் விடுப்பு தருகிறது: இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்துக்குள் 18, அதற்கு மேல் 22. மருத்துவமனையில் தங்க வேண்டியிருந்தால் 60 நாள் வரை தனி. 1994ஆம் ஆண்டுப் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பாதுகாப்புக்கு முதலாளி தரவேண்டிய பொருளுக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக்கூடாது. சம்பளச் சீட்டில் சப்பாத்துக்கென்று பிடித்தம் இருந்தால், அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு தொழிலாளர் இலாகாவுக்குப் போய்க் கேளுங்கள்.