கண்ணுக்குள் ஏறும் கடல் வெயில்

மன்னார் பேசாலைக் கரையில் பின்னேரம் வலை பொத்திக்கொண்டிருக்கும் வயதானவர்களைக் கவனித்துப் பாருங்கள். சிலருக்கு விரல்தான் முடிச்சைத் தேடும், கண் அல்ல. கேட்டால், "வெள்ளெழுத்து, வயது போனால் இப்படித்தான்" என்பார்கள். வெள்ளெழுத்து என்றால் கண்ணாடி போட்டதும் தெளிய வேண்டும். தெளியாமல், வெயிலில் கண் கூசி, எல்லாமே புகைமூட்டமாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் கண்புரை, அதாவது கண் வில்லை மங்குவது.

முதுமையில் வரும் இன்னொரு கண்நோய், விழித்திரை நடுப்புள்ளியின் சிதைவு. அந்த நோய் நடுத்தர நிலையில் இருந்தவர்களுக்கு விற்றமின் சி, ஈ, பீற்றா கரோட்டின், துத்தநாகம் சேர்ந்த குளிசை, அது முற்றும் அபாயத்தை ஏறத்தாழ 25 வீதம் குறைத்தது என்று 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அதே குளிசை கண்புரையைத் தடுக்கவில்லை. இந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை.

நமக்குக் கிட்ட மதுரையில், அரவிந்த் கண் மருத்துவமனை கிராமத்து மக்கள் 798 பேருக்கு ஐந்து ஆண்டுகள் இத்தகைய விற்றமின்களைக் கொடுத்துப் பார்த்தது. 2006இல் வந்த முடிவும் அதுதான்: பயனில்லை. ஆனால் புதுச்சேரியிலும் ஹரியானாவிலும் அறுபது கடந்தவர்களின் குருதியைச் சோதித்தபோது, விற்றமின் சி கூடுதலாக இருந்தவர்களிடம் கண்புரை குறைவாக இருந்தது. தெற்கில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு விற்றமின் சி பற்றாக்குறை. புகையிலை பாவிப்போரிடமும் விறகடுப்பில் சமைப்போரிடமும் அந்தப் பற்றாக்குறை அதிகம். இரண்டு முடிவும் ஒன்றையொன்று வெட்டுவதாக நான் நினைக்கவில்லை. குருதியில் தெரியும் விற்றமின் ஒருவர் வாழ்ந்த வாழ்க்கையின் தடயம். வாழ்நாள் முழுக்கத் தின்றதையும் புகைத்ததையும் ஐந்து வருடக் குளிசை அழித்து எழுதாது.

சீனி வருத்தத்திலும் இதே கதைதான். கிளினிக்கில் பார்க்கும் எச்பிஏ1சி என்பது சிவப்பணுவின் ஈமோகுளோபினில் சீனி ஒட்டிய அளவு. சிவப்பணு ஏறத்தாழ 120 நாளில் அழிந்துவிடுவதால் அது கடைசி இரண்டு மூன்று மாதத்தைத்தான் சொல்லும். கண் வில்லையின் நடுவிலுள்ள புரதமோ நாம் பிறந்தபோது உண்டானது. உடல் அதை மாற்றுவதேயில்லை. அதில் ஒட்டிய சீனி ஒட்டியதுதான். கூடுதல் சீனி சோபிற்றோலாக மாறித் தண்ணீரை இழுத்து வில்லையை வீங்கவும் வைக்கும். எச்பிஏ1சி எண் உயர்ந்தால் கால்களை மட்டுமல்ல, கண்ணையும் நினையுங்கள்.

மன்னாருக்கு இன்னொன்றும் உண்டு, வெயில். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் தொழில் செய்த 838 பேரை ஆராய்ந்து 1988இல் எழுதினார்கள்: புறஊதாக் கதிரை இரட்டிப்பாக வாங்கியவருக்கு ஒருவகைக் கண்புரையின் அபாயம் 1.6 மடங்கு. நம்முடைய கடலில் வெயில் அதைவிடக் கடுமை. தலைமன்னாரில் இருந்து அரிப்பு வரை, படகில் விளிம்புத் தொப்பி போட்டவரை எண்ணிப் பாருங்கள்.

விலை கூடிய விற்றமின் போத்தலை வாங்க நான் சொல்லமாட்டேன். சுருட்டோ பீடியோ விடாதவர்கள் பீற்றா கரோட்டின் குளிசையைத் தொடவே வேண்டாம். அது நுரையீரல் புற்றுநோயைக் கூட்டும். வேலியில் நிற்கும் முருங்கை இலையை எண்ணெய் விட்டு வறை செய்யுங்கள். எண்ணெய் சேர்ந்தால்தான் அதிலுள்ள லூட்டீன் உடலில் சேரும். கொய்யாவைப் பச்சையாகத் தின்னுங்கள்.

புரை விழுந்த கண்ணுக்கோ எந்த இலையும் எந்தக் குளிசையும் மருந்தில்லை, சத்திரசிகிச்சை மட்டுமே. வீட்டில் அப்பு, அம்மம்மா இருந்தால் இந்த மாதமே கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.