கழற்றியவரும் அணிபவரும்: லண்டன் பழந்துணிக் கடைகளை முன்வைத்து

லண்டனில் பழந்துணி விற்கும் கடைகளை மூன்றாக வகைப்படுத்தலாம். ஒன்று, தர்ம ஸ்தாபனங்கள் நடத்தும் 'சேரிட்டி ஷாப்'. அநேகமாக எல்லாக் கடைத்தெருவிலும் ஒன்றிரண்டு இருக்கும். இரண்டு, பிரிக் லேன், கேம்டன் பக்கம் உள்ள 'விண்டேஜ்' கடை. மூன்று, ஒரு மண்டபத்தைப் பிடித்து ஓரிரு நாள் நடத்தும் எடைச் சந்தை. கை கொண்டமட்டும் அள்ளித் தராசில் வைத்து, கிலோக் கணக்கில் காசு கொடுக்க வேண்டியதுதான். ஒரே சட்டை முதல் கடையில் தானம், இரண்டாவதில் ரசனை, மூன்றாவதில் வெறும் எடை. துணி அப்படியேதான் இருக்கிறது. அதன்மேல் போர்த்தப்படும் சொல்லாடல்தான் மாறுகிறது. பல வருஷமாக இந்த மூன்றிலும் துணி எடுக்கிறவன் நான். இச்சொல்லாடல்கள், துணியைக் கழற்றிய உடம்பையும் அதை அடுத்து அணியப் போகும் உடம்பையும் ஒன்றின் கண்ணிலிருந்து மற்றதை மறைக்கின்றன என்பதே இங்கு நான் சொல்ல வருவது.

பழந்துணி இந்நகரத்துக்குப் புதிதல்ல. பிரிக் லேனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள பெட்டிகோட் லேன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழந்துணி வணிகத்துக்குப் பேர்போன இடம். அக்காலத்தில், சோஹோவின் டீன் தெருவில் மார்க்ஸ் குடியிருந்தார். கோட்டுகள் அடகில் இருப்பதால் வெளியே போக முடியவில்லை என்று 1852 பிப்ரவரியில் எங்கெல்சுக்கு எழுதினார். பீட்டர் ஸ்டாலிபிராஸ் 1998இல் இந்தக் கோட்டைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். கோட்டு இல்லாமல் பிரிட்டிஷ் மியூசியம் வாசகசாலைக்குப் போக முடியாது. குளிர் மட்டும் காரணமல்ல, கௌரவமான உடுப்பு இல்லாதவனுக்கு அங்கே இடமில்லை என்கிறார் அவர். 'மூலதனம்' முதல் பாகத்தில் (1867) 20 கஜம் லினன் = 1 கோட்டு என்றொரு சமன்பாடு வருகிறதே, அது அடகுக்கடைக்குப் போய்வந்த கோட்டு என்றே எனக்குத் தோன்றும். அடகுக்காரருக்கு அது பரிவர்த்தனை மதிப்பு. மார்க்ஸுக்கு அது தெருவில் இறங்கும் உரிமை.

சேரிட்டி ஷாப் இயங்கும் விதத்தைப் பார்ப்போம். சரக்கு இலவசமாக வருகிறது. கடையில் நிற்பவர்களில் பலர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். தானமாக வந்த பொருளை விற்றால் மதிப்புக் கூட்டு வரி கிடையாது. கட்டட வரியில் 80 சதவீதம் தள்ளுபடி. கென்ஸிங்டன், செல்ஸி மாதிரிப் பணக்காரப் பகுதிகளில் நல்ல கம்பளிக் கோட்டு கிடைப்பது தற்செயல் அல்ல, கொடுப்பவர்கள் அப்பகுதிக்காரர்கள். சில வாரம் தொங்கியும் விலைபோகாதது எடைக்குப் போகிறது. தானம் சரக்காவது கல்லாவில் மட்டுமல்ல, பின்கட்டுத் தராசிலும்தான்.

ஊருக்குப் போனில் இதைச் சொன்னால் அம்மா கேட்பாள்: "ஊரான் போட்டுக் கழட்டுனதக் காசு குடுத்தாடா வாங்குற? உனக்கென்ன தலையெழுத்து?" வெறும் அழுக்கு பற்றிய அச்சமென்று இதைத் தள்ள முடியாது. நம் கிராமங்களில் பழந்துணி போகும் திசையைச் சாதி விதித்திருந்தது. ஆண்டை வீட்டிலிருந்து பண்ணையாளுக்கு. பிணத்தின்மேல் போர்த்தியது வண்ணாருக்கும் வெட்டியானுக்கும். மேலிருந்து கீழே மட்டும்; ஒருநாளும் கீழிருந்து மேலே இல்லை. அம்மாவின் கேள்வியில் இருப்பது இந்த ஞாபகம். லண்டன் இளைஞன் நைந்த ஜீன்ஸைத் தேடி வாங்குவதோ பூர்தியு சொல்கிற 'வேறுபடுத்திக் காட்டல்'. அவனால் புதுசும் வாங்க முடியும் என்பது பார்க்கிறவனுக்குத் தெரியும். பெட்ரோல் நிலையத்தில் ராத்திரி வேலை பார்க்கும் நம்மவர் முதல் குளிருக்கு அதே கடையில் கோட்டு வாங்கினால், கடைப்பையை மறைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார். பழசு ரசனையாவதற்குப் புதுசு வாங்கும் வசதி முன்நிபந்தனை.

எடைக்குப் போனது எங்கே போகிறது? பெரும் பொதிகளாகக் கப்பலேறுகிறது. கானாவின் தலைநகர் அக்ராவில் உள்ள கன்டமான்டோ சந்தை அதன் பெரிய இறங்குதுறைகளில் ஒன்று; 2025 ஜனவரித் தொடக்கத்தில் தீப்பிடித்து அதன் பெரும்பகுதி எரிந்தது. இத்துணிகளை அங்கே 'ஒப்ரோனி வாவு' என்பார்கள்: செத்துப்போன வெள்ளைக்காரன் துணி. உயிரோடு இருக்கிறவன் இவ்வளவு நல்லதை எறிவானா?

இந்தியாவுக்குள் பழந்துணியைத் தடையின்றி இறக்க முடியாது. ஆகவே வெட்டிச் சிதைத்துக் கந்தலாக்கி பானிபட்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கே அதைப் பிரித்து நூலாக்கிக் கம்பளி நெய்கிறார்கள். மேக்னா குப்தாவின் 'அன்ராவெல்' (2012) ஆவணப்படத்தில் அங்குள்ள பெண் தொழிலாளர்கள் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர் நாட்டில் தண்ணீர் விலை ரொம்ப அதிகமாம். துவைப்பதைவிடத் தூக்கியெறிவது மலிவாம். இந்த விளக்கங்கள் சிரிப்பதற்கல்ல. கழற்றிய உடம்பு கண்ணுக்கு மறைக்கப்பட்டபோது, அணிகிறவர்களும் பிரிக்கிறவர்களும் உருவாக்கிக்கொண்ட கோட்பாடுகள் இவை. அந்தக் கம்பளிகளை நிவாரண அமைப்புகள் வாங்கி விநியோகித்ததும் உண்டு. தானமாகப் போன துணி, தானமாகவே இன்னொருத்தர் தோளுக்கு வருகிறது. நடுவே கைமாறிய கூலி மட்டும் கணக்கில் தெரிவதில்லை.

இந்த ஓட்டத்தைத் தடுக்கப் பார்த்தவர்களும் உண்டு. 2016இல் ருவாண்டா பழந்துணி இறக்குமதி வரியைக் கிலோவுக்கு 20 சென்ட்டிலிருந்து இரண்டரை டாலருக்கு உயர்த்தியது. பதிலுக்கு அமெரிக்கா 2018இல் அந்நாட்டு ஆடைகளுக்குத் தந்த வரிச்சலுகையை நிறுத்திவைத்தது. கழற்றுவது ஒருவர் உரிமையென்றால், வாங்கிக்கொள்வது மற்றவர் கடமை!

'நீடித்த நுகர்வு' என்ற புதுச் சொல்லாடலை இந்தப் பின்னணியில்தான் வாசிக்க வேண்டும். பழசை மூட்டைகட்டிக் கொடுத்தவனுக்கு அலமாரியில் இடம் கிடைக்கிறது, மனசில் பாரம் குறைகிறது. மறுநாள் புதுசு வாங்கப் போகிறான். தானப்பெட்டி புதுத்துணிக் கடைக்கு எதிரியல்ல, அதன் பின்வாசல். 'இயற்கைப் பருத்தி' என்று சீட்டுக் கட்டிய புது பனியனும் எங்கோ சாயமேறித்தான் வருகிறது. நொய்யல் கெட்டு, 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது நமக்குத் தெரிந்த கதை.

இதற்காக நான் சேரிட்டி ஷாப்புக்குப் போவதை விடவில்லை. போகிறவர்களுக்குச் சொல்வதற்கும் கொஞ்சம் உண்டு. துணியை உள்பக்கம் திருப்பித் தையலைப் பாருங்கள். கம்பளியா, பாலியெஸ்டரா என்று சீட்டில் படியுங்கள். கையிடுக்கிலும் காலரிலும் தேய்மானம் பாருங்கள். தையற்காரரிடம் பிடித்துப் போடலாமா என்று யோசியுங்கள். மலிவாக இருக்கிறதே என்று இரண்டாவது கோட்டில் கை போகும்போது, அதைக் கழற்றும்போது யார் தோளுக்கு அனுப்பப் போகிறோம் என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் திரும்ப மாட்டிவிடுங்கள்.